படிக்காமல் போட்ட கையெழுத்து

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று ஏழு லிஃப்டுகளைச் சோதித்தேன். ஏழிலும் குறை இல்லை. ஏழு சோதனை அட்டையிலும் என் கையெழுத்து இல்லை.

இதை எழுதுகிற கை தடையில்லாமல் ஓடுகிறது. அட்டையிலும் தேதி எழுதுகிறேன், பிரேக், கம்பி வடம், கதவு எல்லாவற்றுக்கும் நேரே 'சரி' எழுதுகிறேன். கீழே கையெழுத்துக் கட்டத்துக்கு வந்ததும் விரல்கள் பேனாவை நெரிக்கின்றன. மணிக்கட்டு கட்டையாகிவிடுகிறது. அக்டோபரிலிருந்து என் கையெழுத்து சிறுத்துக்கொண்டே வந்தது. ஜனவரியில் நின்றே போயிற்று. ஸ்கேன் எல்லாம் பார்த்த டாக்டர், நரம்பில் ஒன்றுமில்லை என்று மனநல ஆலோசகர் ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒன்றுமில்லை என்றால் ஏன் நிற்கிறது?

மேலாளர், "பேசாம கைநாட்டு வெச்சிடுங்க சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். மாதக் கடைசிக்குள் கையெழுத்து வர வேண்டும் என்று கெடு.

பிப்ரவரி 6, வெள்ளி

ஆலோசகர் ஹிப்னோதெரபி செய்வாராம். மனைவியிடம் சொன்னேன். "வசியமா? பண்ணட்டும். அப்படியே பாத்திரம் கழுவற மாதிரியும் ரெண்டு வார்த்தை சொல்லி அனுப்பச் சொல்லுங்க."

பிப்ரவரி 10, செவ்வாய்

சின்ன அறை. சாய்வு நாற்காலி ஒன்று, சாதா நாற்காலி ஒன்று. "மயக்கம் வருமா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"மயக்கமும் இல்ல, தூக்கமும் இல்ல. நான் பேசறது முழுக்கக் கேக்கும். வேண்டாம்னா எழுந்து போயிடலாம்" என்றார் ஆலோசகர். அதுவரைக்கும் நல்லது. மயக்கத்துக்குப் போனவர் திரும்பாததை ஒருமுறை பார்த்தாயிற்று.

மூச்சு வயிற்றுக்குப் போய் வருவதைக் கவனிக்கச் சொன்னார். கை கனக்கும் என்றார், நிஜமாகவே கனத்தது. பிறகு, "பத்தாவது மாடியில ஒரு லிஃப்ட். ஏறிக்கிறீங்க. மெதுவா இறங்குது. ஒன்பது... எட்டு..."

யாரிடம் லிஃப்ட் கதை? எட்டிலேயே வடம் உராய்கிற சத்தம் கேட்டது. ஆறில் நிறுத்திவிட்டேன். அவர் ஒன்று வரை எண்ணி முடித்தபோது நான் ஆறாவது மாடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். சொன்னதும் சிரிப்பார் என்று நினைத்தேன். குறித்துக்கொண்டார்.

"கடைசியா எதுல கையெழுத்து சிரமமில்லாம வந்தது?" என்று கேட்டார். ஞாபகமில்லை என்றேன். பொய்.

பிப்ரவரி 11, புதன்

அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அக்டோபரில் அண்ணனுக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. உடனே ஆபரேஷன் என்றார்கள். அண்ணி ஒப்புதல் படிவத்தை என்னிடம் நீட்டினார். இருபத்திரண்டு வருடமாக ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் எதிலும் கையெழுத்துப் போடுகிறவன் நான். அன்று படிக்கவில்லை. போட்டுக் கொடுத்தேன். மயக்க மருந்து கொடுத்தார்கள். அண்ணன் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி என்னைப் பார்த்து, "நீதானே கையெழுத்துப் போட்ட" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் அவர் வீட்டுப் படி ஏறவில்லை.

படித்திருந்தால் மட்டும் என்னடா செய்திருப்பாய், மடையா? ஆனாலும் — படிக்கவில்லையே.

பிப்ரவரி 17, செவ்வாய்

எல்லாவற்றையும் ஆலோசகரிடம் கொட்டிவிட்டேன்.

பிறகு ஒரு புது முறை. வலது கை ஆட்காட்டி விரல் 'ஆமாம்', சுண்டு விரல் 'இல்லை'. "நீங்க தூக்க வேண்டாம். அதுவா எழுந்தா எழட்டும்." மூச்சு அடங்கி, கை கனத்த பிறகு கேட்டார்: "இந்தக் கை பழையபடி கையெழுத்துப் போட விரும்புதா?"

ஆமாம், ஆமாம் என்று உள்ளுக்குள் கத்தினேன். சுண்டு விரல் எழுந்தது.

என் விரல்தான். நான் தூக்கவில்லை. பயமாக இருந்தது.

"யாராவது சரின்னு சொல்லணுமா?" ஆட்காட்டி விரல்.

"அண்ணனா?" சுண்டு விரல்.

"அண்ணியா?" விரலுக்கு முன்னால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விரலும் எழுந்தது.

கிளம்பும்போது, "விரல் சொல்றது தீர்ப்பு இல்ல. நீங்க எதைச் சுமக்கறீங்கன்னு காட்டுது, அவ்வளவுதான்" என்றார்.

பிப்ரவரி 20, வெள்ளி

அண்ணி வீட்டுத் தெருமுனை வரை போனேன். திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

இன்றும்.

பிப்ரவரி 27, வெள்ளி

திங்கள் முதல் எனக்கு ஸ்டோரில் வேலை. உதிரி பாகங்களை எண்ணி அடுக்க வேண்டும். "கை சரியானதும் பாத்துக்கலாம் சார்" என்றார் மேலாளர். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

போனேன். மணி அடிப்பதற்குள் கதவு திறந்தது.

"ரெண்டு தடவை ஜன்னல்லேருந்து பாத்தேன், தெருமுனை வரைக்கும் வந்துட்டு ஓடறதை. உள்ள வா தம்பி" என்றார் அண்ணி. மேஜையில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகள், "வாங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டு உடனே புத்தகத்துக்குள் போய்விட்டாள்.

சுற்றி வளைக்காமல் கேட்டேன். "ஆஸ்பத்திரில சொன்னீங்களே அண்ணி, நீதானே கையெழுத்துப் போட்டன்னு."

அண்ணி யோசித்தார். "சொன்னேனா? சொல்லியிருப்பேன். படிவத்துல கையெழுத்துப் போட்டவங்களே வந்து அவர் சாமானை வாங்கிக்கணும்னு ஆஸ்பத்திரி ஆபீஸ்ல சொன்னாங்க, அதுக்குச் சொன்னேனோ. கோவத்துல சொன்னேனோ. எனக்கே தெரியல."

"என் மேல கோவம் இல்லையா?"

"இருக்கு. கையெழுத்துக்கு இல்ல. அவர் போய் நாலு மாசமாச்சு. கூடப் பிறந்தவன் நீ ஒருத்தன். ஒரு தடவை வந்து இந்த நாற்காலில உக்காரல. அந்தக் கோவம் சீக்கிரம் போகாது."

செய்யாத குற்றத்துக்குத் தலை குனிந்து குனிந்தே, செய்துகொண்டிருந்த குற்றத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

கிளம்பும்போது சொன்னார்: "பித்தப்பைல கல்லாம். பன்னெண்டாம் தேதி ஆபரேஷன். இவளுக்கு இன்னும் பதினெட்டு ஆகல. நீ வந்து கையெழுத்துப் போடு."

"அண்ணி, என் கை..." விஷயத்தைச் சொன்னேன்.

"இருக்கறது அந்தக் கைதானே. அதை வெச்சுப் போடு."

மார்ச் 3, செவ்வாய்

ஆலோசகர் மறுபடி என்னை லிஃப்டில் ஏற்றினார். "இந்தத் தடவை நான் எண்ண மாட்டேன். நீங்க சோதிச்சுப் பாத்துட்டு, சரின்னு பட்டா இறங்குங்க." வடம், பிரேக், கதவு எல்லாம் பார்த்தேன். எவ்வளவு நேரமானது என்று தெரியவில்லை. கீழே வந்து சேர்ந்தேன்.

வீட்டில் பழைய காலண்டர் தாளில் போட்டுப் பார்த்தேன். பாதிப் பெயர் வந்தது. மீதி வரவில்லை.

மார்ச் 12, வியாழன்

பன்னிரண்டரைக்கு அண்ணியை வெளியே கொண்டுவந்தார்கள். கண்ணைத் திறந்தார். கரகரத்த குரலில், "சாப்பிட்டியா?" என்றார். அதற்கப்புறம்தான் நான் உட்கார்ந்தேன்.

காலையில் படிவம் கொடுத்தார்கள். நான்கு பக்கம். "எல்லாரும் போடறதுதான் சார், உள்ள காத்திருக்காங்க" என்றார் நர்ஸ். "படிச்சிட்டுத் தரேன்" என்றேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: மயக்க மருந்தால் அரிதாக உயிருக்கே ஆபத்து நேரலாம். அண்ணனின் தாளிலும் இந்த வரி இருந்திருக்கும். படித்திருந்தாலும் போட்டிருப்பேன். அண்ணனைக் காப்பாற்ற வேறு வழி என்ன இருந்தது? கொஞ்ச நேரம் எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி வரி வரை படித்தேன்.

வயிறு வரை மூச்சை இழுத்து விட்டேன். பேனாவை எடுத்தேன். நான்கு பக்கத்திலும் போட்டேன். முதலாவது எறும்பளவு, இரண்டாவது கட்டத்தைத் தாண்டி ஓடியது, மூன்றாவதில் தாள் கிழியப் பார்த்தது. நான்காவது பரவாயில்லை.

நர்ஸ் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லையே சார். நாலும் நீங்கதானே போட்டீங்க?"

"ஆமா. நான்தான் போட்டேன்."