வாசிக்கத் தெரியும் என்று நீ சொன்ன பிள்ளை

அக்கா,

நேற்று உன் பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்ததும் அச்சு மை வாடை மூக்கில் ஏறியது. அத்தான் தான் வேலை செய்யும் அச்சகத்திலிருந்து கொண்டுவந்த கழிவுத் தாள்களை வெட்டி, நீ ஊசி நூலால் தைத்து வைத்த நோட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. ஒரு பக்கம் காலண்டர் படம், மறுபக்கம் உன் ஐந்து பிள்ளைகளின் பாடம். நீ போய் ஆறு மாதம் ஆகிறது. உன் சேலைகளைப் பிரித்து ஜெபத்துக்கு வருகிற பெண்களுக்குக் கொடுக்கலாம் என்று அத்தான் என்னை வரச் சொல்லியிருந்தார். சேலைகளைக் கொடுத்துவிட்டேன். நோட்டுகளை விருதுநகருக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாசம் என்று நினைத்துவிடாதே. கோபம்.

சாமி படம் போட்ட தாளில் பிள்ளைகள் எழுதக்கூடாது என்று பூ, மலை, மாம்பழம், தொட்டில் குழந்தை என்று பொறுக்கி எடுப்பாய். சிவகாசி அச்சகக் கழிவில் சாமி இல்லாத தாளைத் தேடுவது லேசான வேலையா? அதற்கே உன் ஞாயிறு மாலைகள் போகும். ஒருமுறை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன். "பின்னால முருகன் நின்னா முன்னால போடுத கணக்கு தப்பாயிருமாக்கா?"

நீ தலை நிமிரவில்லை. "நீ ஒங்க காலேஜ்ல போயி வேதியியல் நடத்து. எங்க வீட்டுப் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வேண்டாம்" என்றாய்.

எனக்கு முன்னால் பட்டம் வாங்கியவள் நீ. பி.எட். முடித்து ஆறு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள். குற்றாலத்தில் சபை நடத்திய ஒரு குடும்ப முகாமுக்குப் போய்விட்டு வந்தீர்கள். வந்த வாரமே இரண்டாம் வகுப்பில் இருந்த மூத்தவள் எஸ்தரை நிறுத்தினாய். அதன் பிறகு பிறந்ததும் வளர்ந்ததும் எதுவும் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்கவில்லை. "எம்பிள்ளைகள உலகத்துக்குக் குடுக்க மாட்டேன்" என்றாய். "உலகம் எங்க கேட்டுது, பள்ளிக்கூடந்தான கேக்குது" என்றேன். அன்றைக்கு நீ வைத்த காபியைக் குடிக்காமல் பஸ் ஏறினேன்.

எப்போதாவது சனிக்கிழமை வந்து உன் வகுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உனக்கு அது பிடிக்காது என்று தெரிந்தே உட்கார்ந்திருப்பேன். அத்தான் ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்யும் முன்கூடம்தான் மற்ற நாட்களில் உன் பள்ளி. ஒன்பது மணிக்குப் பாட்டு, ஜெபம். ஒன்பதரைக்குக் கரும்பலகையில் தேதி எழுதுவாய். தேதியின் கடைசி எண்ணை எழுதி முடிப்பதற்குள் வாசலில் யாராவது நிற்பார்கள். பட்டாசுக் கம்பெனி வேனைத் தவறவிட்டவள், புருஷன் அடித்துத் துரத்தியவள், பேரனுக்குக் காய்ச்சல் என்று வந்தவள். நகக்கண்ணில் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி மின்ன, "அக்கா, ஒரு ஜெபம் பண்ணுங்க" என்பார்கள். சுண்ணாம்புக் கட்டியை எஸ்தர் கையில் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவாய். பன்னிரண்டு வயதுப் பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு இரட்டைத் தம்பிகளுக்கு வகுத்தல் சொல்லிக்கொடுப்பாள். "ஏலே, மீதிய எங்கலே போட்ட?" என்று உன் குரலிலேயே அதட்டுவாள். நீ திரும்பி வரும்போது சோறு வடிக்கிற நேரமாகியிருக்கும்.

"மூணு மணி நேரத்துல நீ நடத்துனது அரை மணி நேரம்கூட இல்லக்கா."

"வீட்டுல நடக்கது எல்லாமே பாடந்தான்."

"பத்தாங்கிளாஸ் பரீட்சையில அதக் கேக்க மாட்டாகளே."

அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். "ஒண்ணு பெத்திருந்தா ஒனக்குத் தெரியும்." குழம்பைக் கிண்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாய். ஏழு மாதம் நான் உன்னோடு பேசவில்லை. ஏழாவது மாதம் நீயாகத்தான் போன் செய்தாய். மன்னிப்புக் கேட்பாய் என்று எடுத்தேன்.

"ரூத்து கன்வென்ஷன் கூட்டத்துல வேதப்புத்தகத்துலேர்ந்து சங்கீதம் வாசிச்சா. ஸ்டூல் போட்டு ஏத்திவிட்டோம். ஆறு வயசு. எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகல. மைக்குல தட்டுத்தடங்கல் இல்லாம வாசிச்சா. ஊரே அழுதுச்சு. இப்ப என்ன சொல்லுத?"

என் கல்லூரியில் முதல் வருடம் சேரும் பிள்ளைகள் நான்கு வரியைச் சேர்ந்தாற்போல் வாசிக்கத் திணறுகிறார்கள். தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நான்கு வருடம் உன் பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அந்த நான்கு வருடத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிப்ரவரியில் நீ அடுக்களையில் விழுந்தாய். தலையில் இரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். மதுரைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அடக்கம் முடிந்து நான் இரண்டு வாரம் உன் வீட்டில் தங்கினேன். மாலை ஜெபத்தில் வழக்கம்போல ஆளுக்கொரு பகுதியாக வாசித்தார்கள். எல்லோர் மடியிலும் அவரவர் வேதப்புத்தகம். நான் கொண்டுவரவில்லை என்பதால் ரூத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடையதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முறை வந்தது. வரிக்கு அடியில் விரலை நகர்த்தியபடி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அழகாக ஒரு சங்கீதம் வாசித்தாள். அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் விரல் போய்க்கொண்டிருந்த பக்கத்தில் இருந்தது வேறு ஏதோ ஒரு வம்ச அட்டவணை. வெறும் பெயர்கள்.

மறுநாள் காலையில் அவளை அடுக்களைக்குக் கூட்டிப்போய் உப்பு உறையைக் காட்டினேன். "இதுல என்ன போட்டிருக்கு?"

"உப்பு."

"எழுத்தப் பாத்துச் சொல்லு."

"உப்புதான சித்தி உள்ள இருக்கு?"

செய்தித்தாளை எடுத்து ஒரு தலைப்பைக் காட்டினேன். விரலை முதல் எழுத்தின் கீழ் வைத்தாள். உதடு அசைந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்து, கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னாள்: "நீங்க ஒருக்கா வாசிங்க சித்தி. பெறகு நான் வாசிக்கேன்."

உன் வீட்டு வழக்கம் அதுதானே. முதலில் நீ வாசிப்பாய், பிள்ளைகள் விரல் வைத்துக்கொண்டு உன் பின்னால் வாசிப்பார்கள். வாரத்துக்கு ஒரு மனன வசனம், மாதத்துக்கு ஒரு சங்கீதம். கேட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொள்ளும் காது அந்தப் பிள்ளைக்கு. அதை வைத்தே அவள் உங்கள் எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறாள் என்று நினைத்தேன். ஏமாற்றுகிறோம் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது. வாசிப்பது என்றால் அதுதான் என்று நினைத்திருப்பாள். தெரியாத பக்கம் ஒன்றை, உன் குரல் படாத பக்கம் ஒன்றைக் கொடுத்து வாசி என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் நேரம் இல்லை. பிரசங்கியார் வீட்டில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு இது என்று அப்போதும் கேலியாகத்தான் நினைத்தேன்.

எஸ்தர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. ஈரத் துணியை உதறிக்கொண்டே, "அம்மாவுக்குத் தெரியும் சித்தி" என்றாள்.

"எப்பத்துலேர்ந்து?"

"அவளுக்கு எட்டு வயசு இருக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. தெனமும் மத்தியானம் நாங்க படுத்த பெறகு அவள மட்டும் எழுப்பி ஒக்கார வச்சு எழுதச் சொல்லுவாக. அவளுக்கு எழுத்து நிக்கவே நிக்காது. அம்மா அடிச்சுக்கூடப் பாத்தாக. பெறகு அவுகளே அழுவாக."

"ஒங்க அப்பாகிட்டச் சொல்லலையா?"

"வேண்டாம்னுட்டாக. ஒங்ககிட்டச் சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்குனாக."

"ஏன்?"

எஸ்தர் கொடிக்கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க சிரிப்பீகன்னு."

சிரித்திருப்பேன். உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? மைக், ஸ்டூல், ஊரே அழுதது என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிச் சிரித்திருப்பேன். ஆனால் சிரித்து முடித்த அன்றைக்கே அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். அது உனக்குத் தெரியாதா? என்னைத் தூக்கி வளர்த்தவள் நீ. என் வாயைப் பற்றி உனக்குத் தெரிந்தது என் கையைப் பற்றித் தெரியாமல் போயிற்றா? இரண்டு வருடம் ஒரு பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எழுப்பி அடித்திருக்கிறாய், என் சிரிப்புக்குப் பயந்து. அப்படிப் பயப்படும் அளவுக்கு என்னை ஆக்கியதில் எனக்கும் பங்கு உண்டு என்று ராத்திரி படுக்கும்போது தோன்றும். காலையில் எழுந்ததும் உன் மேல்தான் கோபம் வரும்.

மதுரையில் டாக்டரிடம் காட்டினேன். கண்ணில் கோளாறு இல்லை, புத்தியிலும் இல்லை, எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் சில பிள்ளைகளுக்கு இப்படி ஒரு சிக்கல் இருக்கும், முறையாகச் சொல்லிக்கொடுத்தால் மெதுவாக வரும் என்றார். கூடவே, "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார். உனக்கும் சேர்த்து நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மே மாதம் அத்தான் மற்ற பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கச் சம்மதித்தார். எஸ்தர் இப்போது பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுதப் படிக்கிறாள். பாவம், எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தவளுக்கு இப்போதுதான் படிக்க நேரம் கிடைத்திருக்கிறது. ரூத் விஷயத்தில் மட்டும் அத்தான் இழுத்தார்.

"அவ மட்டும் வீட்டுல இருக்கட்டும்மா. அவ வாசிச்சத எம்புட்டு சனம் கேட்டிருக்கு. இப்பப் போயி எழுத்துத் தெரியாதுன்னா..."

"தெரியாதுன்னா என்ன அத்தான்?"

"ஒங்க அக்கா பேரு என்னத்துக்கு ஆகும்?"

"அக்காவுக்குக் கல்லறையில பேரு வெட்டியாச்சு. இவளுக்குத் தன் பேர எழுதத் தெரியணும்ல."

குரூரமாகத்தான் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. கடைசியில், "நீயே ஒன்கூட விருதுநகருக்குக் கூட்டிட்டுப் போ. அங்கன யாருக்கும் தெரியாது" என்றார். உன் பெயரைக் காப்பாற்ற அவருக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது.

ஜூனில் என் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கப் போனோம். பத்து வயதுக்கு ஐந்தாம் வகுப்பு. சேர்த்துக்கொள்ளத் தேர்வு கிடையாது. ஆனாலும் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறாள் என்று பார்க்க, தலைமையாசிரியை மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து அவள் முன் தள்ளினார். "வாசி பாப்பா."

நடந்து வரும்போதே நான் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். அம்மா இறந்த அதிர்ச்சியில் இருக்கிறாள், இப்போது வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று. அது நாக்கின் நுனி வரை வந்தபோதுதான் ரூத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் முதலில் வாசிப்பேன் என்று காத்திருக்கிற பார்வை. நான் செய்ய இருந்ததும் நீ செய்த மறைக்கும் வேலையேதான் என்று அப்போது புரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பிள்ளைக்கு நான் அதுவரை செய்ததிலேயே கொடூரமான காரியம் அதுதான்.

அவள் கொஞ்ச நேரம் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மெதுவாக மூடினாள்.

"எனக்கு வாசிக்க வராது டீச்சர். கேட்டாச் சொல்லிருவேன்."

"இதுவரைக்கும் யாரு சொல்லிக்குடுத்தாக?"

"எங்கம்மா. அவுக டீச்சர். நல்லாச் சொல்லிக்குடுப்பாக. எனக்குத்தான் ஏறல."

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு எல்லா வார்த்தையும் இருந்தது. "பிள்ளைமேல தப்பில்ல டீச்சர். எங்க ரெண்டு பேர் மேலதான்" என்றேன். அவர் அத்தானையும் என்னையும் சொல்வதாக எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

அதில் உன் பாதியை நான் குறைக்கப் போவதில்லை. என் பாதியோடு தினமும் மாலை ஐந்தரை மணிக்கு அவள் பக்கத்தில் உட்காருகிறேன். நேற்று சிவகாசியிலிருந்து திரும்பியதும் ஒரு படப் புத்தகத்தைத் திறந்தோம். 'படகு' என்று அச்சடித்திருந்ததைப் பார்த்து "தோணி" என்றாள். படத்தைப் பார்த்துச் சொன்னது. நான் படத்தைக் கையால் மூடினேன். என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பவும் பார்த்தாள். வாசலில் பால்காரர் மணியடித்தார், நான் எழுந்திருக்கவில்லை. விரல் முதல் எழுத்தின் கீழ் போய் நின்றது. வெகுநேரம் கழித்து, யாரும் முன்னால் சொல்லாமல், "ப" என்றாள்.