நோட்டில் ஏறாத தண்ணீர்

தண்ணீர்க் கேனின் மூடியைத் திருகினால் ஒரு பிளாஸ்டிக் வாசனை வரும். இன்று காலை அது மூக்கில் ஏறியதும் என் கை தானாகவே சமையலறைக் கதவைச் சாத்தப் போனது. நீங்கள் இல்லாத வீட்டில் யாருக்காகச் சாத்துகிறேன்? பாதியில் இழுத்துக்கொண்டேன். பதினொரு மாதமாகியும் கைக்கு விஷயம் எட்டவில்லை.

கருங்குழி ரைஸ்மில்லை விற்று, மாமல்லபுரத்துக்குத் தெற்கே இந்தக் கடலோரத் தோப்பை வாங்கியபோது நம் சொந்தக்காரர்கள் உங்களைக் கிறுக்கு என்றார்கள். நீங்கள் கட்டியதும் சாதாரண வீடா? படுத்தபடியே கடல் தெரியும் கண்ணாடிச் சுவர், நீச்சல் குளம், புல்தரை, கூரை முழுக்க சோலார், சாண எரிவாயு அடுப்பு, இரண்டு பசு. "ராசா மாறி வாழணும்மே. ஆனா ஒருத்தன் கையையும் எதிர்பாக்கக் கூடாது" என்பீர்கள். வாசல் தாண்டி என்னென்ன சாமான் உள்ளே வருகிறது என்று எழுத என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தீர்கள். நான் எட்டாவதோடு நின்றவள். இன்வெர்ட்டர் புத்தகத்தையே எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டவளுக்கு நோட்டு பெரிய காரியமாக இல்லை.

தமிழ் மாசம் ஒன்றாம் தேதி, பூஜை முடிந்ததும் நான் அதை வாசிக்க வேண்டும். முதல் மாசம் இரண்டு பக்கம் நிறைந்திருந்தது. சோப்பு நின்றது, எண்ணெய் நின்றது, காய்கறி நின்றது. அரிசிக்கு மட்டும் நமக்குள் வழக்கு தீரவே இல்லை.

"கருங்குழி நெல்லு நம்ம நெலத்து நெல்லுமே. அத்த ஏன் எழுதற?"

"வாசல தாண்டி வந்தா வெளிச் சாமான்தாங்க. நீங்க வெச்ச சட்டந்தான்."

தண்ணீர் அந்த நோட்டில் இல்லை. அது உள்ளேயே, நம் கிணற்றில் ஊறுவது. சோலார் மோட்டார், கரண்டு பில் கிடையாது. வெயில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை புல்லுக்கும் குளத்துக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். தோட்டம் பார்க்கும் எட்டியப்பன் ஒரு நாள் உங்களிடம் சொன்னான்.

"ஐயா, இது மணல் கெணறு. நல்ல தண்ணி மேலால பாலேடு மாறி மெதக்குது. ஓயாம எறைச்சா அடியில கீற உப்பு ஏறிக்கும்."

"சூரியன் ஓசில குடுக்கறான். நீ இன்னாத்துக்குக் கணக்கு பாக்கற?" என்றீர்கள். பக்கத்தில் நின்று நானும் சிரித்தேன். தீப்பெட்டிக்குக்கூட ஒரு வரி எழுதினவள், அதற்கு எழுதவில்லை.

பிறகு உங்களுக்குக் கிட்னி பழுது. செங்கல்பட்டு டாக்டர் உப்பைச் சுத்தமாக நிறுத்தச் சொன்னார். உப்பில்லாத சோற்றுக்கு முகம் சுளிப்பீர்கள் என்று பயந்தேன். "நம்ம தண்ணியில வடிச்சா உப்பு போடாமயே ருசியா கீதுமே" என்றீர்கள். பெருமாள் புண்ணியம் என்று இருந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை விரதத்தில், வெறும் வாயில் துளசி தீர்த்தத்தை ஊற்றிக்கொண்டேன். கரித்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு குழாயிலிருந்து நேராகப் பிடித்துக் குடித்தேன். அதுவும் கரித்தது. எத்தனை நாளாக இப்படி? நீங்கள் ருசி என்று சொன்னது எதை? அந்த உப்பு உங்களை என்ன செய்தது என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

உங்களிடமாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சட்டை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்துப்போயிருந்தீர்கள். மாசப் பிறப்பன்று நோட்டு வாசிக்கும்போதுதான் நிமிர்ந்து உட்கார்வீர்கள். எப்படிச் சொல்வேன்? மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு, உங்களிடம் ரிப்பேர் என்றேன். எட்டியப்பன் டி.வி.எஸ்.ஸில் கடைத் தண்ணீர்க் கேனை வைத்து, மேலே தென்னை ஓலை போட்டு மூடிக் கொண்டுவந்தான்.

"இன்னாமா, சாராயம் கடத்தற மாறி கீது."

"வாய மூடிக்கினு உள்ள வையி. ஐயா முழிச்சிக்கினுதான் கீறாரு."

பித்தளை அண்டாவில் நானே ஊற்றி, கிணற்றில் மொண்டது என்றேன். நோட்டில் ஏற்றவில்லை. அந்த மாசம் ஆறு சாமான்தான் வாசித்தேன். "மில்லுக்காரன் வூட்டுக்கு ஆறே ஆறு" என்று கையைத் தட்டினீர்கள். அன்று கற்பூரம் காட்டும்போது பெருமாளின் பாதத்தோடு நிறுத்திக்கொண்டேன். முகத்துக்கு உயர்த்த முடியவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, அளந்து கொடுக்கும் அந்த இத்துணூண்டு தண்ணீரும் நம் கிணற்றிலிருந்துதான் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தீர்கள். அண்டாவிலிருந்து பாட்டிலில் பிடித்துக் கொண்டுவந்தேன். நர்ஸ் பெண்ணைக் கூப்பிட்டு அவளுக்கும் ஒரு டம்ளர் ஊற்றச் சொன்னீர்கள்.

"குடிச்சுப் பாரும்மா. எங்க கெணத்துத் தண்ணி."

அவள் குடித்துவிட்டு, "நல்லா கீது சார். எங்கூட்டு கேன் தண்ணி மாறியே கீது" என்றாள்.

"கேன் தண்ணியா? ஏமே, கேட்டியா இந்தப் பொண்ணு சொல்றத?" என்று இருமல் வரும்வரை சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

மோட்டாரை அதன்பின் போடவே இல்லை. குளம் வற்றி, அடியில் தேங்கியது தவளைக்கானது. ஐப்பசி, கார்த்திகை இரண்டிலும் நல்ல மழை. கிணறு கைக்கு எட்டும்வரை ஏறியது. குடையில்லாமல் ஓடிப்போய் மொண்டு குடித்தேன். கரித்தது. இரண்டு பக்கத்துப் பங்களாக்களிலும் இப்போது சோலார் மோட்டார்தான், நாள் முழுக்க ஓடுகிறது. போய்ச் சொன்னேன். "மொதலாளி மெட்ராஸ்ல கீறாருமா" என்றான் வாட்ச்மேன். தென்னைகளின் உச்சி சிறுத்துக்கொண்டு வருகிறது. மண்ணுக்கு அடியில் நடப்பதை நான் எந்தக் கையால் தடுப்பது? விளக்கேற்றிவிட்டுக் கண்ணாடிச் சுவருக்கு முன் உட்கார்கிறேன். எதிரே அவ்வளவு தண்ணீர்.

அடுத்த மாதம் உங்கள் வருஷத் திதி. சாஸ்திரிகள், "அவர் வெட்டின கிணத்து ஜலத்தையே எடுத்து வையுங்கோ. அங்கே தாகத்துக்கு அதுதான் போய்ச் சேரும்" என்றார். கேனைத் திறந்து குடத்தில் ஊற்றிவிட்டால், திதி கொடுக்க வரும் நம் பையனுக்குத் தெரியாது, சாஸ்திரிகளுக்கும் தெரியாது. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை.

கிணற்றிலிருந்துதான் மொண்டு வைக்கப்போகிறேன். பையன் எள்ளோடு இறைப்பான். கரிக்கும். முகம் சுளித்துக்கொண்டாவது குடியுங்கள். உங்களிடம் சொல்வதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.