அவர் அடுக்கிய தட்டுகள்

செவ்வாய்க்கிழமை, இரவு.

பக்கவாதம் வந்த பிறகு என் வீட்டுக்காரருக்கு வலது கை சரியாக வருவதில்லை. ஆனாலும் டிஷ்வாஷரில் பாத்திரம் அடுக்குவது தன் வேலை என்று பிடித்துக்கொண்டார். தட்டுகளை ஒட்ட ஒட்ட வைப்பார். நடுவில் தண்ணீர் போகாது. அவர் கண்ணயர்ந்ததும் நான் எல்லாவற்றையும் எடுத்துத் திரும்ப அடுக்குவேன்.

இன்று மதியம் பார்த்துவிட்டார்.

"எம்புட்டு நேரமா அடுக்குனேன் தெரியுமா? என்னையச் சும்மா உக்காருன்னே சொல்லியிருக்கலாம்ல?"

குரல் உடைந்துபோயிருந்தது. கையிலிருந்த தட்டை வைத்துவிட்டேன்.

"தட்டுக்குத் தட்டு கொஞ்சம் இடம் விடணுங்க. அம்புட்டுத்தான்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

இடது கையால் ஒவ்வொன்றாக நகர்த்தினார். அரை மணி நேரம் ஆனது. நான் எதையும் தொடவில்லை. மெஷின் நின்றதும் அவரே திறந்தார். தட்டெல்லாம் பளிச்சென்று இருந்தன. நிமிர்ந்து நின்ற ஒரு டம்ளரில் மட்டும் அழுக்குத் தண்ணீர் நிறைந்திருந்தது.

"இவன் ஒருத்தன் தப்பிச்சுட்டான்" என்று சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து இன்றுதான் கேட்கிறேன்.

கழுவித் தருகிறேன் என்று கை நீட்டினேன். டம்ளரைத் தரவில்லை. நாளைக்கு அவரே கவிழ்த்து வைப்பாராம்.