உப்புத் தண்ணீர் வார்டு

சித்தூர்,
ஜூன் 18

அன்புள்ள கிஷோருக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் நைனாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், நீயும் நகோயாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். நீ விட்டுப்போன மீன்கள்தான் நலமாக இல்லை. அதைச் சொல்லத்தான் போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். போன வாரம் நான் பாதி சொல்வதற்குள், போனா போவுதும்மா, மீனுதானே, மிச்சத்த அந்தத் திருப்பதி கடைக்காரன்கிட்டயே திருப்பிக் குடுத்துடு என்று சொன்னாய், பஸ் வந்துவிட்டது என்று போனை வைத்தும்விட்டாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அது பொய். நன்றாகவே சாப்பிடுகிறேன், உன்னைத் திட்டிக்கொண்டே சாப்பிடுகிறேன். கடிதத்தை நீ பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏற முடியாது. ஸ்ரீ சிட்டியில் உன்னோடு வேலை பார்த்த ஹரிபாபு அடுத்த வாரம் அங்கே வருகிறானாம், அவன் கையில் ஆவக்காயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். முதலில் இதைப் படி, அப்புறம் ஊறுகாய் பாட்டிலைத் திற.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஏப்ரல் முப்பதாம் தேதி நான் ஆஸ்பத்திரியிலிருந்து ரிடையர் ஆனேன் அல்லவா, அன்றைக்குத் திருப்பதி கடைக்கு நீ போனிலேயே சொல்லி ஒரு மஞ்சள் மீனை எனக்கு அனுப்பிவைத்தாய். கூடத்துக் கடல்மீன் தொட்டியில் ஏற்கெனவே அந்த ஆரஞ்சும் வெள்ளையுமான ஜோடி, அப்புறம் நீல மீன். தொட்டி முழுக்க ரவுண்டு வந்து எல்லாரையும் அதட்டுகிறது என்று அந்த நீல மீனுக்குக் கலெக்டர் என்று பேர் வைத்தவனே நீதான். அப்படிப் பேர் வைத்த பிறகு அது இது என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அவர் என்றே எழுதுகிறேன். மே பத்தாம் தேதி காலையில் தீனி போடப் போனால் கலெக்டர் உடம்பில் ரவையைத் தூவினது மாதிரி வெள்ளைப் புள்ளிகள். கல்லில் விலாவைத் தேய்க்கிறார், தீனி பக்கம் திரும்பவில்லை, செவுள் படபடவென்று அடிக்கிறது. வாட்சைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மூச்சை எண்ணினேன், நிமிஷத்துக்கு நூற்று நாற்பது. மஞ்சள் மீன் அதைவிட மோசம், மூலையில் தலைகுப்புற நின்றுகொண்டிருந்தது. இரண்டு நாளில் போய்விட்டது.

நான் சும்மா இருக்கவில்லை. கால்நடை ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்த டாக்டர் வேங்கடாசலத்திடம் போனேன். நல்ல மனிதர்தான். மாடு, ஆடு, கோழி, நாய் வரைக்கும் பார்ப்பேன் நர்சம்மா, மீனுக்கு எங்கே ஊசி போடுவது என்றுகூட எனக்குத் தெரியாது என்று கையை விரித்துவிட்டார். மீன்வளத் துறை ஆபீசுக்குப் போகச் சொன்னார்கள், போனேன். அங்கே ஒருவர் பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மீ செருவு, உங்க மீன் குளம், எத்தனை ஏக்கர் என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார். என் செருவு மூன்றடி நீளம், கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றேன். அவர் பாரத்தை மூடிவிட்டார். இத்தனை பெரிய ஜில்லாவில் ஒரு மீனுக்கு உடம்பு சரியில்லை என்றால் குழம்பு வைக்கத்தான் ஆள் இருக்கிறது, வைத்தியம் பார்க்க ஆள் இல்லை.

கடைசியில் அந்தத் திருப்பதி கடைக்கே பஸ் ஏறினேன். கடைக்காரர் புள்ளி என்று சொன்னதுமே ஒரு நீலப் பாட்டிலை எடுத்து நீட்டி, தொட்டியிலயே மூணு மூடி ஊத்திடுங்கம்மா, எல்லாம் செரியாப்பூடும் என்றார். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன், தாமிரம் என்று போட்டிருந்தது. நீ தொட்டிக்குப் பக்கத்தில் நாலு பக்கம் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாயே, அதில் இரண்டாம் பக்கத்தில் சிவப்பு மையில் இருக்கிறது, தாமிரம் பெரிய தொட்டியில் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது, இறாலும் நத்தையும் பவளமும் செத்துப்போகும் என்று. அதைச் சொன்னால், நீங்க ஆஸ்பத்திரில நர்சும்மா, இங்க நான்தான் டாக்டர் என்கிறார். முப்பத்திரண்டு வருஷம் டாக்டர்கள் தப்பாக எழுதின டோசைப் பிடித்துத் திருப்பி அனுப்பினவள் நான். இவர் எனக்கு மூடிக் கணக்குச் சொல்கிறார். பாட்டிலையும், தண்ணீரில் தாமிரம் எவ்வளவு என்று நிறம் காட்டும் பரிசோதனை டப்பாவையும் வாங்கிக்கொண்டு, அவருக்கு நாலு வார்த்தை நன்றாகவே கொடுத்துவிட்டு வந்தேன். பேச்சு வாக்கில் அவர் சொன்ன இன்னொன்றைப் பிறகு எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் தொட்டி முழுக்க மஞ்சள் தண்ணீர். கங்கம்மா ஜாத்திரைக்கு என்று நகரியிலிருந்து உன் பெரிய அத்தை முந்தின நாளே வந்து இறங்கியிருந்தாள். கலெக்டரைப் பார்த்ததுமே கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஆத்தா வந்துக்கீறாடி, மருந்து கிருந்துன்னு போனா கோவிச்சுக்குவா, அதுவா எறங்கட்டும் என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். நான் அந்தப் பக்கம் திருப்பதிக்குப் போனதும், மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்து ஒரு குடம் கரைத்து ஊற்றியிருக்கிறாள். நுரை எடுக்கிற மெஷின் பொங்கிக் கூடம் வரைக்கும் வழிந்துகொண்டிருக்கிறது, உன் நைனா துணி வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ஏன் தடுக்கவில்லை என்று கேட்டால், அக்கா சொல்லிக்கினே இருந்தா, நான் இன்னா பண்றது என்கிறார். பங்காருபாளையம் மண்டியில் மாங்காய் வியாபாரிகளை ஒரே பேச்சில் மடக்குகிற மனுஷன் அக்கா எதிரில் இப்படித்தான். அதோடு விட்டாளா உன் அத்தை, அம்மை போட்ட வீடு என்று மூன்று நாள் தாளிக்க விடவில்லை. கடுகு வெடிக்கக் கூடாதாம். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்த ரசத்தை நைனா மூன்று வேளையும் குடித்தார். வரும்போது அவளே ஆசையாக வாங்கிவந்த கருவாட்டுப் பொட்டலத்தை வாசல் கொடியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டாள். அந்த மீனுக்கு ஆத்தா வரவில்லையா என்று நான் கேட்டதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பாதித் தண்ணீரை மாற்றினோம். மாங்காய் நிறுக்கிற தராசில் நைனா உன் கடல் உப்பை நிறுத்துக் கொடுத்தார், நான் கரைத்தேன். பின்கட்டு அறையில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வைத்து, ஒளிந்துகொள்ள நாலு பைப்புத் துண்டு போட்டு, ஹீட்டரும் காற்று மோட்டாரும் மாட்டி, மே பதினாலாம் தேதி மூன்று பேரையும் அங்கே அட்மிட் செய்தேன். தாமிர மருந்தை அந்தத் தண்ணீரில்தான் விட்டேன், கொஞ்சம் குறைந்தால் புள்ளிக்குக் காரணமான பூச்சி சாகாது, கொஞ்சம் கூடினால் மீன் செத்துப்போகும். காலையும் மாலையும் தண்ணீரைப் பரிசோதித்துக் கேஸ் ஷீட்டில் எழுதினேன், மூச்சு எவ்வளவு, தீனி எவ்வளவு, புள்ளி எத்தனை என்று. இந்தப் பூச்சியைப் போல ஒரு ஈனப் பிறவியை நான் பார்த்ததில்லை கிஷோர். உடம்பில் ஒட்டி உறிஞ்சும், வயிறு நிறைந்ததும் விழுந்து மணலில் போய்க் கூடு கட்டிக்கொள்ளும், புள்ளி மறைந்ததே என்று நாம் சாமிக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருக்கும்போது ஒன்று நூறாகி மறுபடி வரும். மீனே கிடைக்காவிட்டால்தான் பட்டினியில் சாகும். அதனால் பெரிய தொட்டியில் எழுபத்தாறு நாள் மீன் இருக்கக் கூடாது. கூடத்தில் இப்போது இறாலும் நத்தையும் மட்டும் விளக்கு வெளிச்சத்தில் உலாத்திக்கொண்டிருக்கின்றன, வருகிறவர்கள் எல்லாரும் மீன் எங்கே என்று கேட்கிறார்கள்.

ஒரு தொட்டி வலையோ குவளையோ இன்னொரு தொட்டிக்குப் போகக் கூடாது, ஈரக் கைகூடப் படக் கூடாது. பின்கட்டுச் சாமான்களுக்கெல்லாம் சிவப்பு நாடா கட்டினேன். ஒருவரும் மதிக்கவில்லை, நைனா இரண்டு முறை அந்தக் குவளையையே எடுத்தார். அப்புறம் உன் அத்தை என்னைக் கேட்காமலே பின்கட்டு நிலையில் ஒரு கொத்து வேப்பிலை செருகிவிட்டாள். அதன் பிறகு நைனா எட்டியே நின்றார், பாத்திரம் தேய்க்க வருகிறவள்கூட அந்தப் பக்கம் போகவில்லை. அத்தை ஊருக்குப் போகிறவரை இதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினாள், அம்மை போட்ட வூட்டுக்குள்ள வெளியாள் வரக் கூடாது, உள்ளாள் வெளிய போவக் கூடாது, இது உங்க ஆஸ்பத்திரிக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரியும் என்று. மஞ்சள் தண்ணீரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அந்த வேப்பிலையை நான் எடுக்கவும் இல்லை.

ஏன் எடுக்கவில்லை என்று சொல்கிறேன். கடைக்காரர் பேச்சு வாக்கில் சொன்னது இதுதான். அந்த மஞ்சள் மீன் கடைக்கு வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்ததாம், உங்க பிள்ளைதான் அன்றைக்கே கொடுக்க வேண்டும் என்றார், நான் என்ன செய்ய என்றார். உன் நாலு பக்கத்தில் மூன்றாம் பக்கம் நீயே எழுதியிருக்கிறாய், புதிதாக எந்த மீன் வந்தாலும் ஒரு மாதம் தனியாக வைத்துப் பார்த்த பிறகுதான் தொட்டியில் விட வேண்டும் என்று. அதை எழுதினவன் நீ. படித்தவள் நான். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு புது கேசைப் பார்க்காமல் கொள்ளாமல் நேராக வார்டுக்குள் விட்டதில்லை, அமைச்சர் வீட்டுப் பிள்ளையானாலும் வெளியே உட்கார வைத்தவள். அன்றைக்குக் கழுத்தில் ரிடையர்மெண்ட் மாலையோடு வீட்டுக்கு வந்தேன், பையில் மஞ்சள் மீன் நீந்திக்கொண்டிருந்தது, உன் பேர் எழுதியிருந்தது, அப்படியே கொண்டுபோய்த் தொட்டியில் விட்டேன். பிள்ளை அனுப்பினது, அதில் என்ன வியாதி இருக்கும் என்று நினைத்தேன். அது செத்த பிறகு மஞ்சள் எப்படி இருக்குதும்மா என்று நீ கேட்டபோது, வந்த அன்றைக்கு எடுத்த வீடியோவை அனுப்பினேன். நீயும் சூப்பர் என்று பதில் போட்டாய். அந்த ஜோடியில் சின்னது மே இருபதாம் தேதி மூச்சுத் திணறிப் போய்ச்சேர்ந்தது. கறிவேப்பிலைச் செடிக்குக் கீழே புதைத்தோம், பெரியது நாலு நாள் பைப்பை விட்டு வெளியே வரவில்லை. அதைக் கொன்றது பூச்சி இல்லை, நான். இதை உன்னிடம் சொல்லத்தான் போன வாரம் போன் செய்தேன். நான் பாதி சொல்வதற்குள் நீ போனா போவுது என்றாய்.

எனக்கு வருகிற கோபத்துக்கு அளவில்லை கிஷோர். எது போனால் போகட்டும்? நான்கு வருஷம் ஸ்ரீ சிட்டியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அந்தத் தொட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவன் நீ. என்னோடு பேசினாயோ இல்லையோ கலெக்டரோடு பேசினாய், நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன், வேலையில் என்ன கஷ்டம், ஜப்பானுக்குக் கூப்பிடுகிறார்கள், போவதா வேண்டாமா என்பதெல்லாம் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. நீ போன பிறகு அந்தத் தொட்டி முன்னால் நான் உட்கார்ந்தேன். இப்போது கடைக்காரனிடம் திருப்பிக் கொடு என்கிறாய். அங்கே குளிரில் தனியாக இருந்து இருந்து, எதையும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று உனக்குப் பழகிவிட்டதோ என்றுதான் பயமாக இருக்கிறது. கொடுக்க மாட்டேன். எழுதி வைத்துக்கொள், கொடுக்க மாட்டேன்.

கலெக்டர் பிழைத்துவிட்டார். ஜூன் பதிமூன்றாம் தேதியோடு மருந்து முப்பது நாள் முடிந்தது, ஒரு புள்ளி இல்லை, மூச்சு எண்பது. முந்தாநாள் என் விரலிலிருந்தே தீனியைப் பிடுங்கித் தின்றார். நைனா அதை மண்டி முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்த ஜோடியில் பெரியதும் இப்போது சாப்பிடுகிறது. ஜூலை இருபத்தொன்பதாம் தேதி எழுபத்தாறு நாள் முடிகிறது, அன்றைக்கு இரண்டு பேரையும் கூடத்துத் தொட்டிக்கு டிஸ்சார்ஜ் செய்யப் போகிறேன். ஆடிக் கிருத்திகை சமயம், திருத்தணிக்குப் போகலாம் என்று நைனா சொல்லிக்கொண்டிருக்கிறார், இது முடியாமல் நான் எங்கும் நகர்வதாக இல்லை. உனக்கு ஆகஸ்டில் லீவு உண்டு என்று ஹரிபாபு சொன்னான். நீ சொல்லவில்லை.

சரி, திட்டினது போதும். அங்கே குளிர்ந்த சோற்றையே தின்றுகொண்டிருக்காதே, ஆவக்காயில் எண்ணெய் மேலே நிற்கும்படி பார்த்துக்கொள், ஈரக் கரண்டி போடாதே. உனக்கு ஒரு குறையும் வராமல் கங்கம்மா காப்பாற்றட்டும், நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும். நைனா தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொன்னார். கடைசியாக ஒன்று, மறக்காதே. இனி இந்த வீட்டுக்கு உயிருள்ள எதையும் அனுப்பாதே. அனுப்பியே ஆக வேண்டும் என்றால் நீயே வா. ஒரு மாதமெல்லாம் தனியாக வைக்க மாட்டேன், நேராக உள்ளே வரலாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
சுந்தரி