ஈரச் சாக்குக்கு அடியில் ஒரு வீடு

மார்ச் 12, செவ்வாய். ஹந்தானை மலை, இலங்கை.

நகக்கண்ணில் இன்னும் செம்மண். கழுவ மனசில்லை.

குழியில் ஒன்றுமே இல்லை, நாளைக்கு மூடிவிடலாம் என்று நேற்றுச் சொல்லிவிட்டார் எங்கள் அகழாய்வுத் தலைவர், யாழ்ப்பாணத்துப் பேராசிரியர். வெளிநாட்டுக்கு வந்த இடத்தில் அவரோடு வாதாடவும் முடியவில்லை. ஆனால் மனசு ஆறவில்லை. நாங்கள் வெயில் ஏறிய பிறகுதான் குழிக்குப் போகிறோம். அதற்குள் மண் காய்ந்து எல்லாம் ஒரே நிறமாகிவிடுகிறது. ஈரத்தில் பார்த்தால்? நேற்று மாலையே தரையைச் சுரண்டிச் சுத்தமாக்கி, ஈரச் சாக்கு போட்டு மூடிவைத்தேன்.

இன்று விடியும்போதே மலை ஏறினேன். தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து குழி வேலைக்கு வரும் செல்வியும் வந்தாள். "உங்களுக்குப் பைத்தியமா மிஸ், இந்தப் பனியில?" என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள். சாக்கை எடுத்ததும் மண்டியிட்டுக் குனிந்தாள். செம்மண்ணில் கருகருவென்று வட்டக் கறைகள், ஒரு வீட்டின் சுற்றுப் போல வளைந்து. மரத்தூண்கள் மக்கிப்போன இடங்கள்! வெயில் வருவதற்குள் ஒவ்வொன்றையும் சுற்றி அடையாளத்துக்கு ஆணி அடித்தோம்.

போனில் கூப்பிட்டதும் பேராசிரியர் தூக்கத்தில் கட்டியிருந்த சாரத்தோடே ஓடிவந்தார்; பின்னாலேயே குழுவில் மற்றவர்களும். குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஓம் பிள்ளை, வீடுதான். நான்தான் பிழை விட்டிட்டன்."

எல்லார் முன்னாலும் சொன்னார்!

இனி எல்லாரும் விடியலிலேயே வரவேண்டுமாம். செல்வி என்னை முறைத்தாள். மதுரையில் என்னை எழுப்ப அம்மா முகத்தில் தண்ணீர் தெளிப்பாள். கருக்கலில் எழுந்து போய் ஒரு வீட்டையே கண்டுபிடித்தேன் என்றால் நம்பவா போகிறாள்?