கழற்றிய பொருள் கையில் தரப்படும்

தூத்துக்குடி
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஸ்டெபிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகம். மனசுக்குத்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை. மஸ்கட்டில் நீ டியூட்டி முடிந்து வந்து நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். நாம் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் கடைக்கு ஜெபிஷா என்று ஒரு பிள்ளை வரும், கீழவைப்பார் பிள்ளை, இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். போன மாதம் லேப்டாப்பில் கீபோர்டு சரியில்லை என்று கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்கே சாத்தான்குளத்திலிருந்து மந்திரமூர்த்தி வாத்தியார் வந்து பழைய லேப்டாப் ஒன்று உடனே வேண்டும் என்று நின்றார். கடையில் இருந்த லேப்டாப்புக்கு மாட்டிக் கொடுக்க நல்ல ஹார்டு டிஸ்க் இல்லை. அப்பா என்ன செய்தார் தெரியுமா, ஜெபிஷாவுடையதைக் கழற்றி வாத்தியாருக்கு மாட்டிக் கொடுத்துவிட்டார். அவளுடைய ஃபைலையெல்லாம் ஏதோ ஒரு பழைய டிஸ்க்கில் ஏற்றி அதை அவளுக்குப் போட்டுவிட்டார். சென்னையிலிருந்து சரக்கு வந்ததும் நல்லதாக மாற்றிவிடலாம் என்று நினைத்தாராம், அவள் மறுநாளே வந்துவிட்டாள். ஏன் அண்ணாச்சி இவ்வளவு மெதுவா ஓடுது என்று அவள் கேட்டதற்கு, உப்புக்காத்து பிள்ளே, உள்ள எல்லாம் துருப்பிடிச்சிப் போகுது என்றார். நானும் அங்கேதான் இருந்தேன். கீபோர்டு மட்டும் என்று பில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது, பிறகு அப்பாவைக் கேட்டபோதுதான் எல்லாம் வெளியே வந்தது.

போன வியாழக்கிழமை அப்பா டீ குடிக்கப் போயிருந்த நேரம் வாத்தியார் வீட்டம்மா போன் பண்ணினார்கள். அந்த டிஸ்க்கில் ஜெபிஷா ஃபைல் வைத்திருந்த டி டிரைவை அப்பா அழிக்கவே இல்லை ஸ்டெபி. யாரோ வயசுப்பிள்ளை போட்டோவா இருக்கும்மா, ரூமுக்குள்ள எடுத்தது, முதல் படத்தைப் பார்த்ததுமே மூடிட்டேன், எங்க வீட்டு ஆம்பிளைங்க கண்ணுல படுறதுக்கு முன்னால வந்து எடுத்துட்டுப் போங்க என்றார்கள். ஜெபிஷா உன்னைவிட நாலு வயசுதானே சின்னவள். அப்படியே பஸ் ஏறிப் போய் அந்த லேப்டாப்பை வாங்கி வந்து டிஸ்க்கை நானே கழற்றினேன். அப்பாவானால், ஏளா, அதை இங்கன குடு, உடைச்சிப் போட்டா முடிஞ்சிது, தெரியாத பிள்ளைகிட்ட என்னத்துக்குக் கிளறுதே, எல்லாக் கடையிலயும் நடக்கதுதான் என்கிறார். வந்ததே எனக்கு ஆத்திரம், கேக்காம எடுத்ததும் நாம, கேக்காம உடைக்கப் போறதும் நாமளா என்று கத்திவிட்டேன். பக்கத்து ஜெராக்ஸ் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்கு வந்திருப்பாள் என்று கீழவைப்பாருக்குப் போய் டிஸ்க்கை அவள் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை, சத்தம் போடவில்லை. அண்ணாச்சி பார்த்தாங்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவரோடு இருபத்தெட்டு வருஷம் வாழ்ந்தவள், இல்லை என்று உடனே சொல்ல முடியாமல் நின்றேன். அவங்களே வந்து எங்க அம்மா முன்னால சொல்லட்டும் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். பார்க்கவில்லை என்று உன் தலைமேல் சத்தியம் பண்ணினார். நம்புகிறேன். ஆனாலும் இந்த மனுஷனிடம் இதைக் கேட்க வேண்டி வந்துவிட்டதே, அதுதான் எனக்கு ஆறவில்லை. அவரோ கீழவைப்பார் என்று சொன்னாலே எழுந்து வெளியே போய்விடுகிறார்.

நீ பத்தாவது படிக்கும்போது பெயிண்டில் எழுதினாயே, கழற்றிய பொருள் கையில் தரப்படும் என்று, அந்த போர்டு இத்தனை நாளும் கல்லாவுக்கு மேலேதான் தொங்கியது. ஒரு திருகாணியைக் கழற்றினாலும் பேப்பரில் பொதிந்து கொடுத்தவர்தான் உன் அப்பா. நேற்று அதை இறக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். நீ அவரைத் திட்டாதே, சர்க்கரை ஏறிவிடும். எப்பப்பா போறீங்க என்று மட்டும் கேள். நீ கேட்டால் தட்டமாட்டார். அப்புறம், அங்கே உன் லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுத்தால் பக்கத்திலேயே நின்று வாங்கு, எவ்வளவு தெரிந்த கடையாக இருந்தாலும் சரி. என் மகளுக்கு நான் இப்படி எழுத வேண்டியிருக்கிறது பார்.

செல்வதுரை மாமா லீவு முடிந்து அங்கே திரும்புகிறார். இந்தக் காகிதத்தையும் மக்ரூனையும் அவரிடம்தான் கொடுத்து விடுகிறேன், ரூம் பிள்ளைகளுக்கும் கொடு. ஆண்டவர் உன்னைக் கைவிடமாட்டார். ஜெபம் பண்ணும்போது ஜெபிஷா பெயரையும் சேர்த்துச் சொல், மறந்துவிடாதே.

உன் அம்மா
பியூலா ஜெபசிங்

பி.கு. உறையை ஒட்டப் போகும்போது அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, கீழவைப்பாருக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். பைக் இருக்கிறதே என்று நான் கேட்கவில்லை, போகிறேன் என்று என்னிடம் சொல்லத்தான் பஸ்ஸைக் கேட்கிறார் என்று புரிந்தது. பத்தே காலுக்கு என்றேன். வாசல் வரைக்கும் போனவர் திரும்பிப் பார்த்து, போர்டை எங்கன வச்சிருக்கே என்றார். போயிட்டு வாங்க, எடுத்துத் தாரேன் என்றேன்.