கயலுக்குத் தூக்கம் வந்த செய்தி

சிதம்பரம்
ஐப்பசி, ஞாயிறு காலை

கண்ணு கயல்விழிக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். அங்கே உன் உடம்பும் மனசும் தேறி வரவேண்டுமென்று, மழையில் நனைந்து நிற்கிற கோபுரத்தை மாடியிலிருந்தே கும்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். போனில் என்றால் நான் அழுதுவிடுவேன், பிறகு நீயும் அழுவாய். உன் ஃப்ரெண்ட் பிரீதாவின் அப்பா சத்யநாராயணன் சார் வெள்ளிக்கிழமை அவளைப் பார்க்க ஜெர்மனிக்கு, உங்கள் லைப்சிக் ஊருக்குக் கிளம்புகிறார், அவரிடம் இதையும் பருப்புப்பொடியையும் கொடுத்தனுப்புகிறேன். மழை இன்னும் விடவில்லை. அப்பா நேற்று காட்டுமன்னார்கோயில் வரை போய் வீராணத்தைப் பார்த்துவிட்டு வந்து, ஏரி எங்க முடியுது வானம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல புஷ்பா என்றார். பஸ் ஓட்டின காலமெல்லாம் தினம் பார்த்த ஏரிதான், ரிட்டயரான பிறகுதான் அவர் கண்ணில் படுகிறது.

போன வாரம் நீ பேசினதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். உன் லேப் ஆராய்ச்சியைப் பற்றி முதலில் கேட்கக் கேட்க ஆசையாகத்தான் இருந்தது. மூளைக்குள் மைக்ரோகிளியா என்று காவல்கார செல்கள் இருக்கின்றன, கிருமியோ காயமோ வந்தால் கை கால் முளைத்த மாதிரி நகர்ந்து வரும், சில சமயம் எதிரியே இல்லாமலும் ரோஷம் வந்து எதையெதையோ கக்கி மூளையில் அழற்சி உண்டாக்கும் என்றாய். அம்மா, நீ போடற லித்தியத்த தட்டுல இருக்கற செல்லுங்களுக்கு விட்டோம், கக்கறது கொறஞ்சி போச்சும்மா என்று சிரித்தாய். நான் தினம் விழுங்குகிற மாத்திரையை என் பெண் கண்ணாடிக்குள் பார்க்கிறாளே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் நீ நிறுத்தவில்லை. தூக்கமே வரல, அது தேவையும் இல்ல, ப்ரொபசருக்கே தெரியாததெல்லாம் ஒரே வீச்சுல புரிஞ்சிடுச்சி, காலையில ஜன்னல் வெளிச்சம் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுது என்றாய். நடுவில் ஒரு வார்த்தை வைக்க எனக்கு இடம் கிடைக்கவில்லை. கடைசியில், நீ எவ்ளோ டோஸ் போடறம்மா, நானும் போட்டுப் பாக்கறேன் என்றாய் பார், அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த வெளிச்சத்தை நான் அறிவேன் கண்ணு.

நீ ரெண்டாம் வகுப்பு படிக்கும்போது எனக்கும் அப்படித்தான் வந்தது. தைக்கிற துணியை மெஷினிலேயே விட்டுவிட்டுக் கிள்ளைக்கு டவுன் பஸ் ஏறிப்போய், பிச்சாவரத்தில் அய்யனார் அண்ணன் தோணியில் உட்கார்ந்தேன். சுரபுன்னைக் காட்டுக்குள் தண்ணீர் பச்சையாக, மெத்தென்று, யாரோ விரித்து வைத்த மாதிரி கிடந்தது. மரங்களெல்லாம் எனக்கு வழிவிட்டு விலகுகிற மாதிரி இருந்தது. இந்த வழியே போனால் கடலும் வானமும் ஒட்டுகிற இடம் வரும், அங்கே நான் இறங்கி நடக்கலாம் என்று திடமாகத் தெரிந்தது. இறங்கறேண்ணே என்று எழுந்தேவிட்டேன். அந்த மனுஷர் அதட்டவில்லை. யம்மா, தண்ணி வடியற நேரம், தோணி தட்டும், செத்த ஒக்காரும்மா என்று சொல்லி ஒரு வேரில் தோணியைக் கட்டினார். பிள்ளை எத்தனை, என்ன படிக்குது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எதிரே திரும்பிப் போன தோணியில் சைகை காட்டி, பஸ்ஸில் பழக்கமான உன் அப்பாவுக்குச் சேதி அனுப்பியிருக்கிறார், எனக்குத் தெரியாது. உன் அப்பா காக்கிச் சட்டையோடு இன்னொரு தோணியில் வந்து, வா புஷ்பா, பசிக்குது, வீட்டுக்குப் போலாம் என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் கடலூரில் மனநல டாக்டரம்மா, ரத்தப் பரிசோதனை, லித்தியம். அந்தச் சந்தோஷம் பொய்யென்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும், இன்றைக்கும் வரும். அதனால்தான் மாத்திரை பிடிக்கவில்லை. வாயில் இரும்பு ருசி, கை நடுங்கி ஊசியில் நூல் கோர்க்க முடியாது, உலகத்தைத் துவைத்துச் சாயம் போக்கின மாதிரி இருந்தது. போகப்போக டாக்டரம்மா அளவைச் சரிபார்த்துக் குறைத்தார், சாயம் திரும்பி வந்தது. வெள்ளரிப்பிஞ்சுக்கு வெள்ளரிப்பிஞ்சு அளவு பச்சை, அவ்வளவுதான், அது போதுமாக இருந்தது.

அதனால்தான் உன்னைக் கேட்காமலே பிரீதாவுக்குப் போன் செய்தேன். கோபமிருந்தால் வைத்துக்கொள், நான் வாங்கிக்கொள்கிறேன். முதலில் நீ அவளைக் கதவுக்கு வெளியே நிறுத்தினாயாம், மைக்ரோகிளியா பத்தி ஒனக்கு என்னடி தெரியும் என்றாயாம். அவள், எனக்கு ஒன்னும் தெரியாது கயல், ஆனா நீ அழுவுற, அதுகூடத் தெரியாமப் பேசிக்கிட்டிருக்க என்றாளாம். அப்போதுதான் நீ கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாயாம். டாக்டரிடம் போனதும், ஆரம்பத்திலேயே வந்தது நல்லது என்று அவர் சொன்னதும், நீ அவள் வீட்டு சோபாவிலேயே படுத்து விடிய விடியத் தூங்கினதும் எல்லாம் சொன்னாள். அப்பா போனை வாங்கி, இன்னொரு தரம் சொல்லும்மா, தூங்குச்சா என்று கேட்டார்.

நேற்று நீ அனுப்பின மெசேஜில், இனிமே நான் நானா இருப்பேனாம்மா என்று கேட்டிருக்கிறாய். இருப்பாய். நீ சொன்னதையே சொல்கிறேன், தட்டில் நடக்கிறதுதான் மனுஷர் மண்டைக்குள்ளும் நடக்கிறதா என்று இன்னும் முடிவாகத் தெரியாது என்றாயே, அது தெரிய வரும்போது வரட்டும், நீயே கண்டுபிடி. ஆனால் அதற்காகத் தூக்கத்தைக் காக்க வைக்காதே. என் டோஸ் எனக்கு எழுதினது. உனக்கு உன் டாக்டர் சொல்கிறதுதான். உனக்கும் லித்தியம்தான் என்றால் தண்ணீர் நிறையக் குடி, உப்பைத் திடீரென்று குறைக்காதே, தலைவலி என்றாலும் கடையில் கண்ட மாத்திரையை வாங்கிப் போடாதே. லேபுக்கு டாக்டர் சரியென்ற பிறகு போனால் போதும், செல்கள் எங்கேயும் ஓடிவிடாது.

கடலூர் போஸ்டாபீசில் எனக்குப் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்திருந்தோம். நேற்று போலீஸ்காரத் தம்பி விசாரிக்க வந்தது. டீ குடித்துக்கொண்டே, அந்த ஊர்ல என்னம்மா பாக்கப் போறீங்க என்று கேட்டது. எம் பொண்ணு தூங்கறதப் பாக்கப் போறேம்பா என்றேன். அது சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சீக்கிரம் அனுப்பச் சொல்றேம்மா என்றது.

தில்லைக்காளி துணையிருப்பாள், நோய்நொடி நீங்கி நீ நூறாண்டு இருக்கவேண்டும். பொடிக்கு நல்லெண்ணெய் விட்டுச் சாப்பிடு.

உன் தலையை மடியில் வைத்துக்கொள்ளக் காத்திருக்கும் அம்மா,
க. புஷ்பவள்ளி